திருவாதிரைக்கு வடக்கே ஒன்றரை முஷ்டி

போன ஜனவரியில் அக்கா மகள் பள்ளிக் கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டாள். ஒன்பதாம் வகுப்பு. எரிமலை வேண்டாம், சூரியக் குடும்பம் வேண்டாம், அதையெல்லாம் எல்லாரும் செய்கிறார்கள் என்று நிபந்தனை வேறு. முகிலறை செய்யலாம் என்றேன், கண்ணுக்குத் தெரியாத துகள்கள் போகும் தடத்தைக் காட்டும் பெட்டி. நான் கல்லூரியில் படித்த காலத்திலிருந்து செய்து பார்க்க ஆசைப்பட்டு, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஒன்று அது.

வேலை பெரிதில்லை. வீட்டில் பழைய மீன்தொட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. அதன் உள்ளே அடிப்பக்கத்தில் கம்பளித் துணிப் பட்டையை ஒட்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நன்றாக நனைத்தோம். கருப்புப் பெயிண்ட் அடித்த அலுமினியத் தகட்டின் மேல் தொட்டியைக் கவிழ்த்து வைத்து, காற்றுப் புகாதபடி விளிம்பைச் சுற்றிக் களிமண் பூசினோம். தகட்டுக்கு அடியில் டிரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு. மைனஸ் 78 டிகிரி என்பதால் கையுறை இல்லாமல் தொடவிடவில்லை, ஜன்னலையும் திறந்தே வைத்தோம். மேலே துணியிலிருந்து ஆவி மெல்ல இறங்கும். கீழே தகட்டை ஒட்டி ஒரு விரல் உயரத்துக்கு, துளியாக மாற ஏதாவது சாக்குக் கிடைக்காதா என்று அந்த ஆவி தவித்துக்கொண்டிருக்கும். மின்னூட்டம் உள்ள துகள் ஒன்று குறுக்கே ஓடினால் அதுதான் சாக்கு. அது போன வழியெல்லாம் சின்னச் சின்னத் துளிகள் வரிசையாக முளைத்துவிடும்.

முதல் பத்து நிமிடம் ஒன்றுமில்லை. தூறல் மாதிரி ஏதோ விழுந்துகொண்டிருந்தது. விளக்கை அணைத்து, டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தோம். அப்புறம் வந்தது. தொட்டியின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, அளவுகோல் வைத்து இழுத்ததுபோல ஒரு வெள்ளை நூல். இரண்டு நொடி நின்று, காற்றில் வளைந்து, கரைந்தது. கொஞ்ச நேரத்தில் குட்டையாக, தடியாக ஒன்று. அது காற்றில் இருக்கும் ரேடான் வாயுவின் ஆல்ஃபா துகள். சுருண்டு சுருண்டு ஓடியவை எலக்ட்ரான்கள். ஆனால் அவள் கண் அந்த நேரான மெல்லிய நூல்களை விட்டு நகரவில்லை.

“இது எங்கிருந்துங்க மாமா வருது?”

“மேலேருந்து.”

“மேலன்னா?”

“வானத்துலேருந்து.”

“வானத்துல எங்க?”

அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் ஒரு வரிப் பதில் இருந்தது. பாடப்புத்தகங்களில் வருகிற அதே வரி: காஸ்மிக் கதிர்கள் வெடித்த நட்சத்திரங்களிலிருந்து வருகின்றன. சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அந்த வரி பொய்யில்லை. ஆனால் நூறு ஆண்டுக்கும் மேலாக எத்தனையோ பேர் மலையிலும் பாலைவனத்திலும் பனிப்பாலையிலும் கிடந்து தேடியதை அது ஒரே வாக்கியத்தில் மூடிவிடுகிறது. தேடல் இன்னும் முடியவும் இல்லை.

முதலில், தொட்டியில் பார்த்த நூல் காஸ்மிக் கதிரே இல்லை. விண்வெளியிலிருந்து வருவது பெரும்பாலும் புரோட்டான், அதாவது ஹைட்ரஜன் அணுவின் கரு. நூற்றுக்குத் தொண்ணூறு அதுதான், மீதியில் பெரும்பகுதி ஹீலியம் கரு. அந்தப் புரோட்டான் நம் தலைக்கு மேலே பதினைந்து, இருபது கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அணு ஒன்றில் மோதிச் சிதறுகிறது. சிதறலில் பையான் என்ற துகள்கள் பிறக்கின்றன. மின்னூட்டம் உள்ள பையான்கள் சிதைந்து மியூவான்கள் ஆகின்றன. நாங்கள் பார்த்தது அந்த மியூவானை. அதன் ஆயுள் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. அந்த நேரத்தில் ஒளி வேகத்தில் ஓடினாலும் 700 மீட்டர்கூடத் தாண்டாது. ஆனால் அவ்வளவு வேகத்தில் ஓடும் துகளுக்கு அதன் கடிகாரம் நமக்கு மெதுவாக ஓடுகிறது என்று ஐன்ஸ்டைன் சொன்னது உண்மை என்பதால், அது தரைவரை வந்து மீன்தொட்டிக்குள்ளும் நுழைகிறது. உள்ளங்கையை விரித்து வைத்தால் நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் கையைத் துளைத்துப் போய்க்கொண்டே இருக்கிறது.

வானத்தில் எங்கே என்ற கேள்வியை முதலில் கேட்டவர் ஆஸ்திரியாவின் விக்டர் ஹெஸ். 1912இல் அவர் பலூனில் கதிர்வீச்சை அளக்கும் மின்காட்டிகளை ஏற்றிக்கொண்டு திரும்பத் திரும்பப் பறந்தார். ஆகஸ்ட் 7ஆம் தேதி 5,300 மீட்டருக்கு மேல் போனபோது, தரையில் இருந்ததைவிட மிக அதிகமான கதிர்வீச்சு இருந்தது. அப்படியானால் வருவது மண்ணிலிருந்து அல்ல, மேலிருந்து. எல்லாரும் இந்தப் பயணத்தைத்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால், ஏப்ரல் 17ஆம் தேதி அவர் போனது. அன்று சூரிய கிரகணம். சூரியனை நிலா மறைத்தபோதும் கதிர்வீச்சு குறையவில்லை. ஆக, சூரியனும் இல்லை. ஒரே ஆண்டில், ஒரு கூடைக்குள் நின்றுகொண்டு, மண்ணையும் சூரியனையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். 1936இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ‘இது இல்லை, இதுவும் இல்லை’ என்பதிலிருந்து ‘இதுதான்’ என்பதற்குப் போக இன்னும் ஒரு நூற்றாண்டு ஆனது.

ஏன் அவ்வளவு காலம்? வருகிற திசையைப் பார்த்து அந்தத் திசையிலேயே தேடினால் போதாதா? போதாது. புரோட்டானுக்கு மின்னூட்டம் இருக்கிறது, பால்வீதி முழுக்கக் காந்தப்புலம் இருக்கிறது. பூமியின் காந்தப்புலத்தில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் இருக்கிறது. நாம் பேசும் துகள்களில் மிகவும் ஆற்றல் வாய்ந்தவற்றை எடுத்துக்கொண்டாலும், அவை ஒரு சில ஒளியாண்டு ஆரத்தில் வட்டமடித்துக்கொண்டேதான் நகர முடியும். பால்வீதியின் குறுக்களவோ ஒரு லட்சம் ஒளியாண்டு. நடுவில் புலம் முறுக்கிக்கொண்டும் குலைந்தும் கிடக்கிறது. இதில் லட்சக்கணக்கான ஆண்டுகள் அலைந்துவிட்டு வரும் துகளுக்குப் புறப்பட்ட திசை எங்கே ஞாபகம் இருக்கும்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிராணி போட்ட வீடு மாதிரி. அரை மணி நேரம் கழித்து உள்ளே வருகிறவருக்கு எந்த அறையிலும் ஒரே மணம்தான். தூபக்கால் எங்கே இருக்கிறது என்று மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. கண்ணால்தான் தேட வேண்டும், தணல் தெரிகிறதா என்று.

அந்தத் தணல்தான் காமா கதிர். அது ஒளி. மின்னூட்டம் கிடையாது, காந்தப்புலம் அதை ஒன்றும் செய்யாது, நேராக வரும்.

அதற்கு முன்னால் சூப்பர்நோவா மீது, அதாவது வெடிக்கும் நட்சத்திரத்தின் மீது, ஏன் சந்தேகம் விழுந்தது என்று சொல்லிவிடுகிறேன். வால்டர் பாடேவும் ஃபிரிட்ஸ் ஸ்விக்கியும் 1934இலேயே சொன்ன யோசனை அது. பின்னால் வந்தவர்கள் கணக்குப் போட்டார்கள். பால்வீதியில் காஸ்மிக் கதிர்கள் கசிந்து வெளியே போய்க்கொண்டே இருக்கின்றன. அளவு குறையாமல் இருக்க எவ்வளவு ஆற்றலை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்? நூறு ஆண்டுக்கு இரண்டு மூன்று நட்சத்திரங்கள் வெடிக்கின்றன. ஒவ்வொரு வெடிப்பின் இயக்க ஆற்றலிலும் பத்தில் ஒரு பங்கை எடுத்தால் சரியாகப் போகிறது. வேறு எதற்கும் இவ்வளவு வசதி இல்லை. 1970களின் கடைசியில் வழிமுறையும் கிடைத்தது. வெடிப்பின் அதிர்ச்சி அலை விரியும்போது, துகள் அதன் முன்னுக்கும் பின்னுக்கும் காந்தப்புலங்களில் பட்டுப் பட்டுத் திரும்புகிறது. ஒவ்வொரு முறை அலையைக் கடக்கும்போதும் கொஞ்சம் வேகம் கூடுகிறது. நெருங்கி வரும் இரண்டு சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பந்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல கணக்கு. ஆனாலும் என் பார்வையில் இது சாட்சி ஆகாது. ஊரில் கோவில் திருப்பணிக்கு யாரோ பேர் சொல்லாமல் பத்து லட்சம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவு பணம் இவரிடம்தான் இருக்கிறது, எனவே இவர்தான் போட்டிருப்பார் என்பது போன்றது. இருக்கலாம். கையெழுத்து வேண்டும்.

சரி, காமா கதிருக்கு வருவோம். சூப்பர்நோவா எச்சங்களிலிருந்து, அதாவது வெடிப்பில் சிதறிய மிச்சங்களிலிருந்து, காமா கதிர் வருவதைப் பார்த்துவிட்டார்கள். அத்தோடு முடிந்ததா? அங்கேதான் இந்தக் கதையின் உண்மையான சிக்கல். காமா கதிருக்கு இரண்டு விதமான பெற்றோர் இருக்க முடியும். வேகமான எலக்ட்ரான் ஒன்று சாதாரண ஒளித்துகளை இடித்து அதைக் காமாவாக உயர்த்தலாம், அல்லது வாயுவில் அணுக்கருக்களின் அருகே வளைந்து தானே காமாவை உமிழலாம். இன்னொரு வழி, வேகமான புரோட்டான் வாயுவில் மோதிப் பையான்களை உண்டாக்குவது. அவற்றில் மின்னூட்டம் இல்லாத பையான் பிறந்த கணமே உடைந்து இரண்டு காமா கதிர்கள் ஆகிவிடும். நமக்கு வேண்டியது இந்தப் புரோட்டான் வழி. காஸ்மிக் கதிர்களில் எலக்ட்ரான்கள் நூற்றுக்கு ஒன்று தேறினால் அதிகம். ஆனால் எலக்ட்ரான் எடை குறைவு, மினுமினுப்பு அதிகம். எங்கே பார்த்தாலும் அதுதான் முதலில் கண்ணில் படும்.

மின்னூட்டமற்ற பையானின் நிறைக்கு ஈடான ஆற்றல் 135 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு அது). நின்றுகொண்டிருக்கும் பையான் உடைந்தால் ஆளுக்குப் பாதி, 67.5. ஓடிக்கொண்டிருந்தால் ஒன்று கூடும், ஒன்று குறையும். ஆனால் மடக்கை அளவில், அதாவது ஒவ்வொரு படியும் பத்து மடங்காக, வரைந்து பார்த்தால் எல்லாப் பையான்களுக்கும் அந்த 67.5 தான் நடு. இரண்டு பக்கமும் சமமாகச் சரியும். இயற்கை போட்ட முத்திரை அது, யாராலும் மாற்ற முடியாது. எலக்ட்ரான் வழியில் வரும் காமாவுக்கு இப்படி ஒரு நடு கிடையாது. ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆற்றல் குறையக் குறைய, 200 மில்லியனுக்குக் கீழே, வெளிச்சம் சட்டென்று சரிகிறதா என்று பார்ப்பது.

சொல்வது சுலபம். அந்த ஆற்றலில் விண்வெளித் தொலைநோக்கிக்கே பார்வை மங்கல். 2008 ஜூனில் ஏவப்பட்ட ஃபெர்மி தொலைநோக்கிக்கு 100 மில்லியன் அளவில் ஒரு காமா எங்கிருந்து வந்தது என்பதில் சில டிகிரிகள் பிசகும். முழுநிலாவே அரை டிகிரிதான். சுற்றியுள்ள பால்வீதியின் காமா மூட்டம் வேறு மேலே கவிந்திருக்கும். அதிலிருந்து ஒரு எச்சத்தின் வெளிச்சத்தை மட்டும் பிரித்தெடுப்பது சந்தை இரைச்சலில் ஒரு குரலைப் பிரிப்பது மாதிரி. நாலு ஆண்டு தரவைக் கொட்டி அலசினார்கள். அதற்கு முன்பே, 2011இல், இத்தாலியின் அஜிலே செயற்கைக்கோள் குழு W44 என்ற எச்சத்தில் அறிகுறி கண்டிருந்தது. 2013 பிப்ரவரியில் ஃபெர்மி குழு இரண்டு எச்சங்களின் முடிவை வெளியிட்டது. ஒன்று அதே W44. இன்னொன்று IC 443, ஜெல்லிமீன் நெபுலா என்பார்கள், ஏறக்குறைய 5,000 ஒளியாண்டு தொலைவு. இரண்டும் அடர்ந்த வாயு மேகங்களில் மோதிக்கொண்டிருப்பவை. புரோட்டானுக்கு மோத நிறைய இடம். இரண்டிலும் வெளிச்சம் சரிந்தது, சரிய வேண்டிய இடத்தில். கையெழுத்து கிடைத்தது.

அந்த வரைபடத்தை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். இடது ஓரத்தில் கோடு கீழே விழும் அந்த இரண்டு அங்குலம்தான் நூறு ஆண்டுக் கேள்விக்குக் கிடைத்த முதல் நேரடிச் சாட்சி.

ஆனால் அது பாதிதான். IC 443 புரோட்டான்களை முடுக்குகிறது, சரி. எவ்வளவு தூரம்? காஸ்மிக் கதிர்களின் எண்ணிக்கை ஆற்றல் கூடக்கூடச் சீராகக் குறைந்து வந்து, மூன்று பீட்டா எலக்ட்ரான்வோல்ட்டுக்குப் பக்கத்தில் சட்டென்று மடங்குகிறது. கால் மடங்குவது மாதிரி இருப்பதால் முழங்கால் என்றே பெயர். அதுவரையிலும் பால்வீதிக்குள்ளேயே ஏதோ ஒன்று முடுக்கிவிடுகிறது. ஒரு டெரா என்பது பத்து லட்சம் மில்லியன், ஆயிரம் டெரா ஒரு பீட்டா. ஒரு பீட்டா என்பது ஜெனீவா ஆய்வகத்தின் பெரிய முடுக்கி ஒரு புரோட்டானுக்குக் கொடுக்கும் ஆற்றலைப்போல் ஏறக்குறைய 150 மடங்கு. இதைச் செய்கிற இயந்திரத்துக்குப் பெவட்ரான் என்று பெயர் வைத்துத் தேடுகிறார்கள். ஜெல்லிமீன் அந்த உயரத்துக்குப் போகவில்லை. வெடித்துச் சில நூறு ஆண்டுகளே ஆன காசியோபியா ஏ எச்சமாவது போகும் என்று நம்பினார்கள். காமா கதிர்களைத் தேடும் மேஜிக் தொலைநோக்கிகள் 2017இல் பார்த்தபோது அதன் காமா வெளிச்சம் மூன்றரை டெராவிலேயே தளர்ந்துபோயிருந்தது. எனக்கே அது ஏமாற்றமாக இருந்தது.

அப்போது சீனாவின் சிச்சுவான் மலைகளில், 4,410 மீட்டர் உயரத்தில், லாசோ என்ற ஆய்வுக்கூடம் எழுந்துகொண்டிருந்தது. இந்த ஆற்றலில் காமா கதிரும் காற்றில் மோதித் துகள் மழையாகத்தான் கீழே இறங்கும். புரோட்டானின் மழையும் அப்படியேதான். ஒரு காமா மழை என்றால் ஆயிரக்கணக்கில் புரோட்டான் மழை. எப்படிப் பிரிப்பது? மீன்தொட்டியில் பார்த்த அதே நூலை வைத்துத்தான். புரோட்டான் மழையில் மியூவான்கள் ஏராளம், காமா மழையில் அபூர்வம். மண்ணுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டிகளைப் புதைத்து, மேலே பெரிய மழை பெய்தும் கீழே மியூவான் இல்லையென்றால் அதைக் காமா என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

நம் ஊட்டியிலும் இதே வேலை நடக்கிறது. கோவையிலிருந்து மலையேறினால் மூன்று மணி நேரம். டாடா ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானியப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்தும் கிரேப்ஸ்-3, 2,200 மீட்டர் உயரத்தில் புல்வெளியில் எட்டு மீட்டருக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கான உணர்விகள், பக்கத்தில் இரண்டு மீட்டர் கான்கிரீட்டுக்குக் கீழே 560 சதுர மீட்டர் மியூவான் தொலைநோக்கி. கான்கிரீட் எதற்கு? மற்றதெல்லாம் அங்கேயே நின்றுவிட, மியூவான் மட்டும் உள்ளே வரட்டும் என்று. ஒரு நாளைக்கு நானூறு கோடி மியூவான்களை எண்ணுகிறது. (இதே தொலைநோக்கியை வைத்து 2014 டிசம்பரில் ஒரு இடிமேகத்தின் மின்னழுத்தத்தையே அளந்தார்கள், 130 கோடி வோல்ட். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) 2024இல் அவர்கள் வெளியிட்டது இந்தக் கதைக்கு நேராக வருகிறது: 166 டெரா ஆற்றலுக்குப் பக்கத்தில் புரோட்டான்களின் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட மெதுவாகக் குறைகிறது. முழங்கால் வரை ஒரே நேர்கோடு என்ற பழைய படத்தில் இது ஒரு மேடு. ஒரே வகை இயந்திரம்தான் எல்லாவற்றையும் செய்கிறது என்று இனி அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது என்று எனக்குப் படுகிறது.

லாசோ 2021இல் பன்னிரண்டு இடங்களிலிருந்து 100 டெராவுக்கு மேல் காமா வருவதைக் காட்டியது. சிக்னஸ் என்ற விண்மீன் கூட்டத்தின் பகுதியிலிருந்து வந்த ஒன்று 1.4 பீட்டா. எல்லாரும் கொண்டாடினார்கள். அதே ஆண்டு, நண்டு நெபுலாவிலிருந்து 1.1 பீட்டா காமா ஒன்று. 1054இல் சீன வானியலர்கள் பட்டப்பகலில் பார்த்த வெடிப்பின் எச்சம் அது. நடுவில் நொடிக்கு முப்பது முறை சுழலும் பல்சர், வெடித்த நட்சத்திரத்தின் மிச்சக் கரு. ஆனால் நண்டு நெபுலாவின் காமா பெரும்பாலும் எலக்ட்ரான் செய்த வேலை என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். ஆக, பீட்டா ஆற்றலில் ஒளிர்கிறது என்பதாலேயே அங்கே பீட்டா புரோட்டான் இருக்கிறது என்று ஆகாது. அவ்வளவு உயரத்தில் பையானின் 67.5 முத்திரையும் உதவாது. 2024இல் லாசோ சிக்னஸில் பெரிய காமா குமிழி ஒன்றையே காட்டியது, 2.5 பீட்டா வரை. வாயு மேகங்களை ஒட்டியே அது ஒளிர்வதால் புரோட்டானுக்கு வலுவான சாட்சி. அங்கே இருப்பது ஒற்றை எச்சம் அல்ல, கூட்டமாகப் பிறந்த பெரிய இளம் நட்சத்திரங்கள். அவற்றிலிருந்து வீசும் துகள் காற்றுகள் எல்லாம் சேர்ந்து மோதி முடுக்குகின்றனவோ என்று இப்போது பேசுகிறார்கள். பாடப்புத்தக வரியைத் திருத்த வேண்டிவரலாம்.

இந்த உயரத்தில் நியூட்ரினோ ஒன்றுதான் சந்தேகமில்லாத சாட்சி. அது மின்னூட்டமில்லாத, மிக லேசான துகள். வேகமான புரோட்டான் எதிலோ மோதாமல் இவ்வளவு ஆற்றலில் நியூட்ரினோ பிறக்காது. அண்டார்டிகாவில் ஒரு கன கிலோமீட்டர் பனிக்குள் உணர்விகளை இறக்கியிருக்கும் ஐஸ்கியூப் 2023இல் பால்வீதித் தளத்திலிருந்து நியூட்ரினோக்கள் வருவதைக் காட்டியது. எந்தெந்தப் புள்ளியிலிருந்து என்று பிரிக்கும் அளவுக்கு இன்னும் எண்ணிக்கை சேரவில்லை.

இதையெல்லாம் அவளுக்கு ஒரே மூச்சில் சொல்லவில்லை. பிப்ரவரி முதல் வாரம் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனேன். திருவாதிரை உச்சந்தலைக்கு மேலே சிவப்பாக நின்றது. வடக்கே பார்த்து நின்று கையை நீட்டி முஷ்டி பிடிக்கச் சொன்னேன். நீட்டிய கையின் முஷ்டி வானத்தில் ஏறக்குறைய பத்து டிகிரி. திருவாதிரையிலிருந்து வடக்கே ஒன்றரை முஷ்டி. அங்கிருந்து வலப்பக்கம் அரை முஷ்டி தள்ளினால், மிதுனத்தின் கால் நட்சத்திரத்தை ஒட்டி, ஜெல்லிமீன். இடப்பக்கம் அரை முஷ்டி தள்ளினால், ரிஷபத்தின் கொம்பு நுனியில், நண்டு. நடுவில் ஒரே ஒரு முஷ்டி. வலப்பக்கம் புரோட்டானின் கையெழுத்து, இடப்பக்கம் எலக்ட்ரானின் வெளிச்சம்.

இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் முஷ்டியை இங்கும் அங்கும் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அப்ப நம்ம தொட்டில வந்தது?”

அந்த ஒரு நூல் எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றேன். புரோட்டானோ வேறு ஏதாவது அணுக்கருவோ போட்ட மழையில் வந்ததாகத்தான் இருக்கும், காமா மழையில் மியூவான் அபூர்வம், அவ்வளவுதான் சொல்ல முடியும் என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“அந்தச் சிக்னஸ் எங்கங்க மாமா இருக்கு?”

இப்போது கீழே இருக்கிறது, விடியற்காலை ஐந்தரைக்கு வடகிழக்கில் தாழ்வாக எழும் என்றேன்.

“அஞ்சேகாலுக்கு எழுப்பிவிடுங்க.”

அலாரம் வைத்துவிட்டுப் படுத்தேன்.